தை முதல் நாள் அனுப்பின மெயில்

புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பெண்களே, முதல் வாரம் எல்லாரும் உங்களுக்குக் கம்ப்யூட்டரைத்தான் காட்டுவார்கள். எதை அமுக்கினால் ஜாதகம் வரும், எதை அமுக்கினால் மெயில் போகும், அதையெல்லாம் வசந்தி சொல்லிக்கொடுப்பாள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் இந்தக் கல்யாணத் தகவல் நிலையத்தை சிட்லபாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் ஒரு மேஜையும் ரெண்டு நாற்காலியுமாக ஆரம்பித்தவள் நான். முட்டி வலி வந்து படி ஏற முடியாமல் போகிற வரைக்கும் நடத்தினதும் நான்தான். அதனால் நான் சொல்கிறதையும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் குடும்பம் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, வெளியூர்க்காரர்கள் வந்து வீடு கட்டினார்கள். அவர்களுக்கு இங்கே யாரையும் தெரியாது, எனக்கு எல்லாரையும் தெரியும். நல்ல இடம் இருந்தா சொல்லுங்கம்மா என்று கேட்டு வந்தார்கள். நான் சொன்ன இடமெல்லாம் நன்றாக அமைந்தது. அப்படித்தான் இது தொழிலாச்சு. பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரைக்கும் எந்த மண்டபத்துக்குள் நான் நுழைந்தாலும் யாராவது எழுந்து நாற்காலி போடுவார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அந்தப் பெருமை மெயிலில் செல்லாது என்று எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது. அதனால் கலைச்செல்வி என்கிற பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் தவறிப்போனது. தவறித்தான் போனதா என்றுகூட இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊரே வாட்ஸ்அப்பில் இருக்கும்போது நாம் மட்டும் ஏன் மெயிலைப் பிடித்துத் தொங்குகிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். போன தடவை சேர்ந்த பெண்களும் கேட்டார்கள். ஒரு பெண்ணின் போட்டோ ஏதாவது குடும்ப குரூப்பில் விழுந்துவிட்டால் மறுநாளே அது ஊர் சுத்திவிட்டு வரும். பார்க்க வேண்டியவனைத் தவிர எல்லாரும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அதனால் முழு விவரமும் போட்டோவும் கேட்டவருக்கு மட்டும், மெயிலில் மட்டும் என்று நான்தான் சட்டம் வைத்தேன். அந்தச் சட்டத்தில் தப்பில்லை என்று இன்னமும் நினைக்கிறேன். மற்றதில்தான் தப்பு.

கலைச்செல்வி கோவிலம்பாக்கத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா இல்லை. ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிற பெண். வலது கை விரல்களிலும் முழங்கை வரைக்கும் வெண்புள்ளி இருந்தது. அதை மறைக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. மேஜை மேல் கையை வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

அம்மாக்காரி மெதுவாக என்னிடம், "இதை முதல்லயே எழுத வேணாம்மா. பேசிப் பழகினப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள்.

"எப்போ, மணவறையிலயா?" என்றாள் பெண்.

"வாயைப் பாருங்கம்மா இவளுக்கு."

"கை தெரியற மாதிரி போட்டோவே கொண்டாந்திருக்கேன்மா. எல்லாத்தையும் எழுதுங்க. வேணாம்னா அப்பவே வேணாம்னு சொல்லட்டும். அப்புறமா சொன்னாத்தான் எனக்குத் தாங்காது."

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு நான்தான் முடித்துவைப்பேன் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பொருத்தமான வரனும் சீக்கிரமே வந்தது. பையன் பேர் சுரேந்தர், நியூசிலாந்தில் வேலை. அவருடைய அப்பா செம்பாக்கத்தில் தனியாக இருந்தார். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "போன்ல சொன்னா எனக்கு வெளங்காதும்மா. பையனுக்கே மெயில் போட்டுடுங்க, அவன் பார்த்துப்பான்" என்றார். நட்சத்திரம், படிப்பு, வேலை மட்டும் எழுதி, பேரும் போட்டோவும் இல்லாமல் முதல் மெயில் அனுப்பினோம். ரெண்டே நாளில் பதில் வந்தது. வசந்தி படித்துக் காட்டினாள். ஜாதகம் பொருந்துகிறது, முழு விவரமும் போட்டோவும் அனுப்புங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன் என்று தமிழிலேயே எழுதியிருந்தார்.

"ஆவலோடுன்னு போட்டிருக்காரும்மா" என்று வசந்தி சிரித்தாள். இந்தத் தொழிலில் அந்த வார்த்தை அடிக்கடி வராது.

அது கார்த்திகை மாசக் கடைசி. மறுநாள் விடிந்தால் மார்கழி. மார்கழியில் நம் ஆபீசிலிருந்து வரன் மெயில் எதுவும் போகாது. ஆடியிலும் போகாது. அதுவும் நான் வைத்த சட்டம்.

"இவருக்கு மட்டும் பதில் போட்டுடட்டுமாம்மா? அவரே கேட்டிருக்காரே" என்றாள் வசந்தி.

"கல்யாணப் பேச்சு. நல்ல மாசம் பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

தை முதல் நாள் வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு ரெண்டு பேரும் பட்டுப்புடவையோடு ஆபீசுக்கு வந்தோம். கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினோம். நல்ல நேரம் பார்த்து, ஒரு மாசமாகச் சேர்ந்திருந்த வரன்களை, பேரும் போட்டோவும் இல்லாமல், நம்மிடம் பேர் கொடுத்த அத்தனை குடும்பத்துக்கும் ஒரே மூச்சில் அனுப்பினோம். வருஷா வருஷம் அப்படித்தான். அத்தனை குடும்பம் என்றால் ஆரம்பத்திலிருந்து பதிவு பண்ணின எல்லாரும். கல்யாணம் முடிந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மெயிலையே மாற்றிவிட்டவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கல்யாணத்துக்கு என்று கொடுத்த பேரை நாம் அடிக்கக் கூடாது, அது அபசகுனம் என்று நான் யாரையும் எடுக்க விட்டதில்லை.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் கலைச்செல்வியின் முழு விவரமும் போட்டோவும் சுரேந்தருக்குத் தனி மெயிலாகப் போனது. அவர் எழுதின மெயிலுக்குக் கீழேயே பதிலாக எழுதியிருக்கலாம். பழசின் வாலில் நல்ல சேதியை ஒட்டாதே, புதுசாக சுபம் என்று மேலே போட்டு அனுப்பு என்று நான்தான் வசந்தியிடம் சொன்னேன்.

பதில் வரவில்லை.

நம் தொழிலில் வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கும் போகப்போகத் தெரியும். 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்பார்கள். அப்புறம் சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்க மாட்டோம், அதுதான் மரியாதை. பதில் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. வெண்புள்ளியைப் பார்த்திருக்கிறார், பேசாமல் இருந்துவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமா?" என்று வசந்தி ஒரு வாரம் கழித்துக் கேட்டாள்.

"பொண்ணு வீட்டு சார்பா ரெண்டாந்தடவை கேக்கறதா? அவங்களுக்கு என்ன குறைச்சல்?"

"செம்பாக்கத்துல அப்பாவையாவது..."

"வேணாம்னவங்க வாசல்ல போய் நிக்கறதா வசந்தி? விடு."

செம்பாக்கம் நம் ஆபீசிலிருந்து ஒரு ஆட்டோ தூரம். நியூசிலாந்து வரைக்கும் மெயில் அனுப்பின நான் அந்த ஆட்டோவில் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை கலைச்செல்வி வந்தாள். உட்காரவில்லை.

"பதில் வந்துச்சாம்மா?"

"இல்லைம்மா."

"போட்டோ போச்சு இல்ல?"

"போச்சும்மா."

"அப்ப பதில் வந்துடுச்சு" என்றாள். சிரித்த மாதிரிதான் சொன்னாள்.

அடுத்த தடவை வந்தபோது மாசி பிறந்திருந்தது. வெயில் ஆரம்பித்துவிட்ட நேரத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். புதுசாக ஒரு போட்டோ எடுத்து நீட்டினாள். அதில் கைகள் தெரியவில்லை.

"அடுத்த இடத்துக்கு இதை அனுப்புங்கம்மா. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

நான் அந்தப் போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டேன். ஏம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆறுதல் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே மாசியில் பீர்க்கன்கரணையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் என் நாத்தனார் உட்கார்ந்தாள். அவள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததே நான்தான். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அண்ணி, இப்பல்லாம் உன் மெயிலு வர்றதே இல்ல. நிம்மதியா கீது" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"எம் பொண்ணுக்கு ரெண்டு புள்ள ஆயிடுச்சு. நீ இன்னும் மாப்பிள்ள மாப்பிள்ளயா அனுப்பிக்கினே கீற. மருமவன் பார்த்தா இன்னா நெனப்பாரு, சொல்லு? மாமியாரு ஸ்பேர் பார்க்கறான்னு நெனக்க மாட்டாரு?"

பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நிறுத்தியிருப்பேனே."

"உங்கிட்ட எப்டி அண்ணி சொல்றது? மனசு நோவாதா உனுக்கு? அதான் எம் மருமவ இன்னாவோ ஒரு பட்டனை அமுக்கினா. ஸ்பாமோ இன்னாவோ, தொந்தரவு மெயிலுன்னு புகார் சொல்றதாம். அத்தோட ஒழிஞ்சிது."

எதிர்ப் பந்தியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "எங்க வூட்லயும் அதான் பண்ணோம். உங்க மெயிலா அது? மன்னிச்சிக்கங்க அக்கா" என்றாள்.

எல்லாரும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். நான் பாயசத்தை ஒதுக்கி வைத்தேன். என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லக் கூசுகிறவர்கள், நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் மரியாதைக்காகக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் வசந்தி விசாரித்து, மெயில் விஷயமே தொழிலாக வைத்திருக்கிற ஒரு அம்மாவை மேடவாக்கத்திலிருந்து வரவழைத்தாள். பேர் வேண்டாம், நாங்கள் மெயில் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். ஸ்கூட்டியில் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வசந்தியின் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "பேர் ரொம்பக் கெட்டுப் போயிருக்கும்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் பேரு? தாம்பரத்துல போய் விசாரிச்சுப் பாருங்க என் பேரை."

"உங்க பேரு இல்லம்மா. உங்க ஆபீஸ் மெயிலோட பேரு. நீங்க அனுப்பறதை வாங்கிக்கிற கம்பெனிங்க, உள்ள விடறதுக்கு முன்னாடி இது யாரு என்னன்னு பார்ப்பாங்க."

"விசாரிக்கிறாங்களா?"

"ஒவ்வொரு மெயிலுக்கும் விசாரிக்கிறாங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு விளங்க ஆரம்பித்தது. ஒரு மாப்பிள்ளையைப் பற்றி நாம் எப்படி விசாரிப்போம்? அவன் சொல்கிறதையா கேட்போம்? பக்கத்து வீட்டில் கேட்போம், அவன் வேலை செய்கிற இடத்தில் கேட்போம், தெருமுனை டீக்கடையில் கேட்போம். அதே மாதிரி நம்மைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட இடமெல்லாம் கெட்ட பேர்.

மேடம் ஒன்றொன்றாகச் சொன்னார். நாம் அனுப்பினதில் நிறைய முகவரியில் ஆளே இல்லை, அத்தனையும் திரும்பி வந்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டுக் கதவை எவன் தட்டுகிறான் என்று பார்க்கவே சில பழைய முகவரிகளை மூடாமல் விட்டு வைத்திருப்பார்களாம். அதையும் நாம் தட்டியிருக்கிறோம். வாங்கினவர்களில் பாதிப் பேர் திறந்தே பார்க்கவில்லை. திறந்தவர்களில் பலபேர் என் நாத்தனார் மருமகள் அமுக்கின பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். இந்த மெயில் நாம் அனுப்பினதுதான் என்று காட்டுகிற முத்திரையை யாரும் போட்டு வைக்கவே இல்லை. குறைந்த வாடகை என்று நாம் பிடித்த சர்வரில் நம்மோடு குடியிருக்கிறவன் வட்டிக் கடன் விளம்பரம் அனுப்புகிறவன், அவன் பேரும் நம் தலையில்.

"எல்லாத்தையும் விட இது" என்று ஒரு இடத்தைக் காட்டினார். "ஒரு மாசம் ஒரு மெயில்கூட இல்ல. திடீர்னு ஒரே மணி நேரத்துல ஊருக்கே அனுப்பியிருக்கீங்க. வருஷா வருஷம் இதே கதை. என்னம்மா இது?"

"தை ஒண்ணு" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. "அந்தக் கம்பெனிக்குத் தை எது, மாசி எது? அடுத்தவங்க மெயில் கணக்கைத் திருடினவன்தான் அப்படி அனுப்புவான். அதனால அன்னைக்குப் போனதை எல்லாம் சந்தேகத்துல ஒதுக்கி வெச்சிருப்பாங்க. ஸ்பாம்ல கிடந்திருக்கும். பதில் வராததை எல்லாம் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு எடுத்துக்காதீங்க."

நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அந்த ஆட்டோவில் ஏறினேன். செம்பாக்கத்தில் சுரேந்தரின் அப்பா கதவைத் திறந்து, "வாங்கம்மா, வாங்க. நீங்கதான் எங்களைக் கைவிட்டுட்டீங்க. நல்லவேளை, திருச்சிப் பக்கம் ஒரு இடம் அமைஞ்சுது. போன வாரம்தான் தட்டு மாத்தினோம்" என்று சத்தமாகச் சொன்னார். தட்டில் வைத்து லட்டு கொடுத்தார். பையனுக்கு அவரே போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"நீங்க பதிலே போடலையேம்மா" என்றார் சுரேந்தர். குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். "நான் தினம் பார்த்தேன். பொங்கல் முடிஞ்சும் வரல. பொண்ணு வீட்டுல விருப்பமில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

"அப்பாதான், விருப்பமில்லாதவங்களை ரெண்டாவது தடவை கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

ஸ்பாமில் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அங்கே ஒரு மாசத்துக்கு மேல் எதுவும் தங்காதாம், தானாகவே அழிந்துவிடுமாம். "இப்ப இல்லம்மா" என்றார். அப்புறம், "அதுல என்னம்மா எழுதியிருந்தீங்க?" என்று கேட்டார்.

புதுசாகச் சேர்ந்தவர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர் பதிலைக் கேட்டிருக்கலாம். அதனாலென்ன என்று சொல்வாரா, சும்மா இருப்பாரா, எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் இப்போது வேறொரு பெண்ணுக்கு நிச்சயமானவர். அவருக்குக் கலைச்செல்வியின் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? இவள் அதை எழுதச் சொன்னது தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு. "விவரம்தான் தம்பி. நல்லா இருங்க" என்று சொல்லி போனைக் கொடுத்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவர் மனசில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்புறம் ஆபீசில் செய்ததை எல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்று முகூர்த்தம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. நம் மெயில் யாருக்கும் போய்ச் சேராத நேரத்தில் மற்ற நிலையங்கள் நம் குடும்பங்களை இழுத்துக்கொண்டிருந்தன. ஆபீஸ் மெயிலுக்குப் புதுப் பேர் ஒன்று வாங்கி அதிலிருந்து அனுப்பிடலாம் என்றாள் வசந்தி. ஊர் பேர் தெரியாமல் நேற்று வந்தவனுக்கு நீங்கள் பெண் கொடுப்பீர்களா என்று மேடம் கேட்டார். குரோம்பேட்டையிலிருந்து ஒருத்தர் பென்டிரைவோடு வந்து, வெளிநாட்டுப் பையன்களின் முகவரி லட்சக்கணக்கில் இருக்கிறது, சும்மா மாதிரி விலையில் தருகிறேன் என்றார். வசந்திக்கு ஆசைதான். கேட்காதவன் வீட்டுக்கு ஜாதகம் எடுத்துக்கொண்டு போகிற புரோக்கரை நாய்தான் வரவேற்கும் என்று சொல்லி நான் அனுப்பிவிட்டேன்.

அந்த சீசன் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். கேட்டவர்களுக்கு மட்டும், பதில் போடுகிறவர்களுக்கு மட்டும், தினம் கொஞ்சமாக அனுப்பினோம். வேண்டாம் என்பதை மெயிலின் அடியிலேயே சுலபமாகச் சொல்ல வழி வைத்தோம். பேரை அடிக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. கல்யாணம் ஆனவர்களை எல்லாம் மங்களம் என்று தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். இன்றைக்கும் நீங்கள் அதைப் பார்க்கலாம். அதற்கு மெயில் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். பதில் வராத வீடுகளுக்கு நானே போன் போட்டேன். நாங்கள்தான் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தோம் என்று சொன்ன வீடுகள் இருந்தன. அதில் ரெண்டு கல்யாணம் கூடி வந்தது. ரெண்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ரெண்டிலும் கலைச்செல்வி நினைப்புதான்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்றாள் வசந்தி. நிச்சயமாகிவிட்டவரைப் பற்றி இப்போது சொல்லி என்ன, ஆறின புண்ணைக் கிளறணுமா என்றாள். எனக்கு அந்த முழுக்கைச் சட்டைதான் கண்ணில் நின்றது. புண் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். கோவிலம்பாக்கத்துக்குப் போனேன்.

அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அம்மாக்காரி காபி கொடுத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அம்மாக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னொரு தடவை கேட்டா நாம என்ன குறைஞ்சா போயிடுவோம்? இவ்வளவு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"அம்மா, கேக்கக் கூடாதுன்னு நீயும்தான் சொன்னே" என்றாள் கலைச்செல்வி. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அவர் பார்க்கவே இல்லையா?"

"பார்க்கவே இல்லம்மா."

"அப்ப வேணாம்னு சொல்லல."

"சொல்லல."

"சரின்னும் சொல்லல." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "தினம் பஸ்ல போகும்போது அவரோட சண்டை போடுவேன்மா. மனசுக்குள்ளதான். கையைப் பார்த்து ஓடிட்டியேன்னு என்னென்னவோ கேட்பேன். பாவம், அந்த மனுஷன் அங்க மெயிலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

சிரித்தாள். அவள் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

அவள் என் காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "கை தெரியாத போட்டோ ஒண்ணு கொடுத்தேனே, அதை அழிச்சுடுங்க. என்னைக் கொஞ்ச நாள் யாருக்கும் அனுப்பாதீங்க. அப்புறம், அவருக்கு ஒரு மெயில் போடுங்க. கல்யாணத்துக்கு வாழ்த்துன்னு. பேர் வேணாம், நீங்க அப்ப கேட்டிருந்த பொண்ணு வீட்டு சார்பான்னு போடுங்க."

"எதுக்கும்மா இப்ப?"

"போடுங்கம்மா. அது அவர் கண்ணுல பட்டுச்சான்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க."

மறுநாள் வசந்தி அவர் எழுதின அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்து, அதற்குக் கீழேயே பதிலாக எழுதினாள். அப்படி எழுதினால் தெரிந்தவர் பேச்சு என்று உள்ளே விடுவார்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அனுப்பியாச்சு என்றாள். அனுப்பினதோடு வேலை முடிந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவள் நான். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கலைச்செல்வியை எந்தப் பக்கத்தில் வைக்கிறது, மங்களத்திலா, காத்திருக்கிறவர்களிலா என்று வசந்தி கேட்டாள்.

சாயங்காலம் நானே சுரேந்தருக்கு போன் போட்டேன். வந்துவிட்டது, இன்பாக்ஸிலேயே இருந்தது, படித்தேன் என்றார். அவங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லுங்கம்மா, அவங்களும் நல்லா இருக்கணும் என்றார்.

உடனே கலைச்செல்வியைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தாள், இரைச்சலாக இருந்தது. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கிடைச்சுதாம்மா. படிச்சாராம். நன்றி சொல்லச் சொன்னாரு. நீயும் நல்லா இருக்கணும்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

கண்டக்டர் ஏதோ ஸ்டாப்பிங் பேரைச் சொன்னது கேட்டது. யாரோ இறங்கினார்கள். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"நல்ல மனுஷராத்தான் இருந்திருக்காரு, இல்லம்மா?" என்றாள்.

ஆமாம்மா என்றேன்.